ஒன்பது ஜாக்கெட்டும் ஏலக்காய்த் தராசும்

கேரளத்து மலை ஊரான சூரியநெல்லியில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து வழிகாட்டி வேலை பார்க்கிறோம். கொழுக்குமலைக்கு விடியற்காலையில் ஜீப் ஏற்றிவிடுவது, தேயிலைக் காட்டுக்குள் ஆட்களை நடத்திக் கூட்டிப்போவது, அட்டை கடித்து அலறுபவர்களுக்கு உப்பு தேய்த்துவிடுவது, இதுதான் பிழைப்பு. பாதிப் பேர் மலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் போடிக்காரர்கள். மீதிப் பேர் இங்கேயே எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். ஜூன் மாத மழை பெரும்பாலும் மலைக்கு இந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். போடியில் அதே நேரம் துவைத்த வேட்டி அரை மணியில் காயும். எங்கள் தவறு அங்கேதான் தொடங்கியது. மழை ஜாக்கெட்டை வெயிலில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தோம்.

அதுவரை ஆளுக்கொரு மாதிரி உடுத்தியிருந்தோம். ஒருவருக்கு பைக் ரெயின்கோட், ஒருவருக்கு வெறும் பிளாஸ்டிக் தாள், வயதான ஒருவர் இன்றைக்கும் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வருவார். எஸ்டேட்டில் மழைக்கு என்ன உடுத்துவது என்பது புதிய கேள்வியும் இல்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று எழுதியிருந்தது. கொழுந்து பறிக்கும் அக்காக்கள் இடுப்பில் படங்கு கட்டி, தலைக்கு பிளாஸ்டிக் போட்டு நாள் முழுக்க மழையில் நிற்கிறார்கள். எங்களுக்கு ஆசை வேறு. வரும் ஆட்கள் எல்லாம் பெயர் போட்ட ஜாக்கெட்டில் வருகிறார்கள், வழிகாட்டி மட்டும் சாக்கில் நிற்பதா என்று.

இரண்டு பருவத்துக்கு முன்னால் ஏப்ரலில் ஆன்லைனில் ஒன்பது ஜாக்கெட் வாங்கினோம். ஒன்று 2,400 ரூபாய். பிராண்ட் ஓரளவு தெரிந்ததுதான். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஜாக்கெட்டோடு வந்த சீட்டில் இரண்டு எண்கள் இருந்தன. தண்ணீர் தாங்கும் அளவு 10,000 மில்லிமீட்டர், ஆவி வெளியேறும் அளவு 10,000 கிராம். நல்ல நட்சத்திர மதிப்பு, நிறைய பாராட்டு. பாராட்டியவர்களில் பெரும்பாலோர் நகரத்தில் பைக் ஓட்டுபவர்கள் என்பதைப் பிறகுதான் கவனித்தோம்.

ஜூன் முதல் வாரம், மதுரையிலிருந்து வந்த ஆறு பேரோடு முதல் நடை. ஏற்றம் தொடங்கி நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை, முன்னால் போன தம்பி நின்றுவிட்டான்.

“மாமா, உள்ள வந்திருச்சு.”

“எங்கடா வந்துச்சு?”

“எங்கன்னு சொல்றது? எல்லாப் பக்கமும்தான்.”

சாயங்காலம் ஒன்பது பேரும் ஒரே பல்லவி. விற்றவர்களுக்கு எழுதினோம். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. அது மழைத்தண்ணீர் இல்லையாம், எங்கள் வியர்வையாம். கொட்டும் மழையில் நனைந்து வந்தவனைப் பார்த்து உனக்கு வியர்த்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அந்தப் பதிலில் பாதி உண்மை என்று தெரிய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

எப்படிச் சோதித்தோம்

முதலில் கைகளைத் திருப்பிப்போட்டு, மணிக்கட்டுப் பக்கம் கயிற்றால் கட்டி, தோள் வழியாகத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டோம். துணி வழியாக ஒரு சொட்டும் வரவில்லை. ஆனால் அக்குளில் நாலு தையல் வந்து சந்திக்கும் இடத்தில் மூன்று ஜாக்கெட்டில் முத்து முத்தாகக் கசிந்தது. அவற்றில் இரண்டில், தலைமூடி கழுத்தோடு சேரும் தையலிலும் ஈரம். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. தையல் ஓட்டைகளை அடைக்க மேலே ஒட்டியிருக்கும் டேப், தோளிலும் தலையிலும் மட்டும் இருந்தது. பக்கவாட்டுத் தையலிலும் அக்குளுக்குக் கீழும் வெறும் நூல். சீட்டைத் தேடி எடுத்துப் படித்தோம். ‘முக்கியத் தையல்களுக்கு டேப்’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பொய் சொல்லவில்லை. எது முக்கியம் என்பதை அவர்கள் முடிவு செய்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இங்கே அந்த 10,000 மில்லிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. துணியின் மேல் தண்ணீரைத் தூண் போல நிறுத்தி, எவ்வளவு உயரத்தில் அது மறுபக்கம் கசிகிறது என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. 10,000 மில்லிமீட்டர் என்றால் 10 மீட்டர், ஒரு கிணற்று ஆழம். மழையில் வேலை செய்பவர்களின் உடுப்புக்கு ஐரோப்பாவில் ஈ.என். 343 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதன் உச்ச வகுப்புக்கே கேட்பது 20,000 பாஸ்கல் அழுத்தம், அதாவது சுமார் 2 மீட்டர் தண்ணீர். ஆனால் அதில் தையலையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். கடைச் சீட்டில் இருப்பது துணியின் எண். நாம் உடுத்துவது துணியும் தையலும் ஜிப்பும் சேர்ந்த ஒன்று. பத்து மீட்டர் ஆழக் கிணறு கட்டிவிட்டு, சுவரில் ஊசி ஓட்டை விட்டால் என்ன மிஞ்சும்?

சரி, மூன்று ஜாக்கெட்டுக்குக் காரணம் கிடைத்தது. மீதி ஆறு?

எங்கள் ஜீப் ஓட்டும் மாமாவுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சொந்தக்காரர் இருக்கிறார். போடியில் வீட்டுக்கு வீடு ஏலக்காய்ப் பேச்சுதான், ஏலமே அங்கே நடக்கிறது. அவரிடம் ஒரு கிராம்வரை காட்டும் தராசு ஒன்றை இரவல் வாங்கிவந்தார். “கிலோ ஆயிரக்கணக்குல போற சரக்கை நிறுத்த தராசு தம்பி, உங்க பனியனை நிறுத்துப் பார்க்கப் போறீங்க” என்று அந்த வியாபாரி சிரித்துக்கொண்டே கொடுத்தாராம்.

உள்ளே போடுவதற்கு எல்லோரிடமும் ஒரே மாதிரிச் சட்டை இருந்தது. ஃபுட்பால் ஜெர்சி. உலகக்கோப்பை வந்தால் மலையாள ஊர்களில் அர்ஜென்டினாவும் பிரேசிலும் தெருத்தெருவாகக் கட்சி கட்டும், எங்கள் லயத்திலும் அப்படித்தான். அந்தப் பாலியஸ்டர் ஜெர்சி 250 ரூபாய்க்குக் கிடைக்கும், பருத்தி போலத் தண்ணீரைப் பிடித்துவைக்காது. காய்ந்த ஜெர்சி ஒன்றின் எடை 148 கிராம்.

தண்ணீர் ஊற்றிய சோதனையில் கசியாத ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு தம்பி மழையில் நாற்பது நிமிடம் அசையாமல் நின்றான். ஜெர்சி 155 கிராம். மறுநாள் அதே ஜாக்கெட், அதே ஆள், ஜிப்பை முழுக்க மூடி நாற்பது நிமிடம் ஏற்றம். ஜெர்சி 241 கிராம். கசியும் ஜாக்கெட்டோடு நிற்க வைத்தபோது 190. அதாவது தையல் கசிவு கொடுத்தது 42 கிராம், ஏற்றம் கொடுத்தது 93 கிராம். தராசைச் சுற்றி நின்ற யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. விற்றவன் சொன்னது சரியாக இருந்துவிட்டால் அதைவிட எரிச்சல் வேறு என்ன?

அப்புறம் கணக்குப் போட்டோம். 10,000 கிராம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் வெளியேறும் ஆவி. மணிக்கு 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஏற்றம் ஏறும் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை வியர்வை சுரக்கும். காகிதத்தில் ஏறக்குறைய ஈடுகட்டிவிடுவது போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்த எண் ஆய்வகத்து எண். ஜப்பானியத் தரநிலையில் ஒரு முறை இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சி இழுக்கும் பொட்டாசியம் அசிடேட் கரைசல். அப்படி இழுத்தால் எண் பெரிதாகத்தான் வரும். இன்னொரு முறையில் அதே துணிக்குப் பாதிகூட வராது. எந்த முறையில் அளந்தது என்று எழுதாத சீட்டில் இரண்டு பிராண்டுகளின் எண்களை ஒப்பிடுவது, முழத்தையும் சாணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது போல.

அதைவிடப் பெரிய சங்கதி எங்கள் மலை. ஆவி வெளியேற வேண்டுமானால் வெளிக்காற்று உள்காற்றைவிட வறண்டிருக்க வேண்டும். ஜூலையில் இங்கே மேகமே பாதையில் நடந்து வரும். வெளியே காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் ஈரம் எங்கே போகும்? பனி மலையில், வறண்ட குளிரில் நன்றாக வேலை செய்யும் அதே துணி இங்கே முடங்கிப்போவது அதன் குற்றம் இல்லை.

தாமரை இலை

மீதி இருந்தவற்றில் நாலு ஜாக்கெட்டுகளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வாங்கியபோது மேல் துணியில் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீராக உருண்டது. மூன்றாவது வாரத்தில் துணி தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டது. தோள், கழுத்து, பை வார் உராயும் இடங்கள் எல்லாம் கருத்துக் கனத்தன. உள்ளே கசியவில்லை. ஆனால் நனைந்த துணி உடம்பில் சில்லென்று ஒட்டும், ஆவியையும் வெளியே விடாது. போட்டிருப்பவனுக்கு அது ஒழுகுவது போலவேதான் இருக்கும்.

துணிக்கடையில் கோப்பைத் தண்ணீரை ஜாக்கெட் மேல் ஊற்றி, “பாருங்க சார், வாட்டர் ப்ரூஃப்” என்று காட்டுவார்களே, அது தண்ணீரை உருளவைக்கும் மேல்பூச்சைத்தான் காட்டுகிறது. துணிக்கு உள்ளே தண்ணீரைத் தடுக்கும் படலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூச்சு போகும், திரும்பவும் வரும். நாங்கள் சோப்புத் தூளிலும் வாசனைக்காகப் போடும் கம்ஃபர்ட் வகைத் திரவத்திலும் ஊறவைத்துத் துவைத்திருந்தோம். அந்தத் திரவம் துணி மேல் ஒரு படிவை விட்டுவிடும், தண்ணீர் அதில் ஒட்டும். இப்போது கொஞ்சமாகத் திரவ சோப்பு, இரண்டு முறை அலசல், காய்ந்த பிறகு மேலே ஒரு துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி. இரண்டு ஜாக்கெட்டில் தாமரை இலை திரும்ப வந்தது. மற்ற இரண்டில் வரவில்லை.

வராத இரண்டும் யாருடையவை என்று பார்த்தால், தலைக்குத் தேங்காய் எண்ணெய் நிறைய வைக்கும் இரண்டு பேருடையவை. கழுத்துப்பட்டியும் தலைமூடியின் விளிம்பும்தான் முதலில் போயிருந்தன. இதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. பழைய பூச்சுகளில் ஃபுளோரின் சேர்ந்த பி.எஃப்.ஏ.எஸ். என்ற ரசாயனக் கூட்டம் இருந்தது. தண்ணீரையும் தள்ளும், எண்ணெயையும் தள்ளும், மண்ணிலும் நீரிலும் அழியாமல் கிடக்கும். அதனால் இப்போது ஒதுக்குகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து துணிகளில் தடை, கடும் மழைக்கான உடுப்புக்கு மட்டும் 2028 வரை தவணை. புதிய பூச்சுகள் தண்ணீரைத் தள்ளுகின்றன, எண்ணெயிடம் தோற்றுவிடுகின்றன. நல்ல மாற்றம்தான், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் நம் ஊர் ஆள் வாங்கும்போது இதைத் தெரிந்து வாங்க வேண்டும். மழை ஜாக்கெட்டுக்குப் பேர்போன கோர்டெக்ஸ் படலத்துக்கே ஆரம்பத்தில் இந்தத் தலைவலி இருந்தது. 1976-ல் வந்த முதல் ஜாக்கெட்டுகளில் உடம்பு எண்ணெய் படலத்தைக் கெடுத்தது. அப்புறம்தான் உள்பக்கம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் அடுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள்.

எங்கள் ஜாக்கெட்டுகளின் உள்பூச்சும் அதே பாலியூரித்தேன், அவற்றின் முடிவை எழுதியதும் அதுதான். நவம்பரில் வேலை குறைந்ததும் ஒன்பதையும் சுருட்டித் தகரப் பெட்டியில் போட்டுவிட்டோம். சில அரை ஈரத்தில் இருந்திருக்கும். அடுத்த மே மாதம் பெட்டியைத் திறந்தால் புளித்த வாடை. ஒன்றை விரித்தேன். உள்பக்கத்துத் தோளில் விரலை வைத்ததும் வெள்ளைப் பூச்சு செதில் செதிலாக நகக்கண்ணில் ஏறியது. டேப் ஒரு முனையைப் பிடித்து இழுக்க, பழைய பிளாஸ்திரி போல முழு நீளத்துக்கு வந்துவிட்டது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் மெல்ல உடையும். அதிலும் பாலியஸ்டர் அடிப்படையில் செய்த மலிவான வகை சீக்கிரம் போகும், பாலிஈத்தர் வகை கூடுதலாகத் தாங்கும். இதை எந்தச் சீட்டும் சொல்லாது. கொடியில் காயவைத்து ஹேங்கரில் தொங்கவிட்டிருந்தால் இன்னும் ஒரு பருவம் ஓடியிருக்கும் என்பது என் கணிப்பு. அந்தப் பங்கு எங்கள் தவறு.

காது

ஈரத்தோடு சம்பந்தமில்லாத ஒரு குறையைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். அந்த ஜாக்கெட் சத்தம் போட்டது. நடக்க நடக்கச் சரசரவென்று. தலைமூடியை இழுத்துக் கட்டினால் காதுக்குள் அது மட்டும்தான் கேட்கும். சின்னக்கானல் யானை நடமாடும் ஊர். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற யானையை மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றியது இங்கேதான். எங்கள் ஆட்களில் ஒருவர் ஆனையிறங்கல் பக்கம் மூங்கில் முறியும் சத்தத்தைப் பின்னால் வந்த விருந்தாளி சொல்லித்தான் கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் அந்த ஜாக்கெட்டைக் கழற்றி மூலையில் எறிந்தவர்தான், திரும்பத் தொடவில்லை. மலை உடுப்பைப் பற்றிய எந்த மதிப்பீட்டிலும் நான் இதுவரை இந்தக் கேள்வியைப் பார்த்ததில்லை: இதைப் போட்டுக்கொண்டு காது கேட்குமா?

இரண்டாம் முறை

இந்த முறை ஆளை அனுப்பினோம். நானும் மாமாவும் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போனோம், வழியில் திருப்பூரில் ஏற்றுமதி மிச்சம் விற்கும் கடைகளில் நுழைந்தோம். அங்கே கழுத்து லேபிளைப் பாதி வெட்டிய ஜாக்கெட்டுகள் குவியலாகக் கிடக்கும். உள்பக்கத் தையலில் ஆர்.என். என்று தொடங்கும் எண் இருந்தால், அது அமெரிக்காவில் அந்தச் சரக்குக்குப் பொறுப்பேற்ற நிறுவனத்தின் பதிவெண். இணையத்தில் தேடினால் பெயர் வரும். கழுத்தில் ஒரு பெயரும் எண்ணில் வேறு பெயரும் வந்த இரண்டு ஜாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டோம். எண் பொருந்திவிட்டால் அசல் என்றும் இல்லை, எண்ணையும் நகல் எடுக்கலாம். பொருந்தாவிட்டால் யோசிக்காமல் நடையைக் கட்டலாம்.

கடையில் நாங்கள் செய்தது கடைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. முதலில் உள்பக்கம் திருப்புவோம். டேப் எல்லாத் தையலிலும் ஓடுகிறதா, அக்குள் சந்திப்பில் மேலே ஒரு ஒட்டு கூடுதலாக இருக்கிறதா, எங்காவது குமிழ் இருக்கிறதா என்று கட்டைவிரலால் தேய்ப்போம். பிறகு போட்டுக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்குவது. இடுப்புக்கு மேலே ஏறிவிட்டால் வேண்டாம். தலைமூடியைப் போட்டுக் கழுத்தைத் திருப்புவது. முகத்தோடு அது திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கண் துணிக்குள் போய்விடும். அப்புறம் மாமா பக்கத்தில் நின்று ரகசியக் குரலில் ஏதாவது பேசுவார், எனக்குக் கேட்கிறதா என்று. ஒரு கடைப் பையன் எங்களைப் பார்த்து, “அண்ணே, ஜாக்கெட் வாங்க வந்தீங்களா, சினிமா எடுக்க வந்தீங்களா?” என்றான்.

விலை உயர்ந்த கோர்டெக்ஸ் ஜாக்கெட்டும் ஒன்றைப் பார்த்தோம். தையல் அருமை, அதில் சந்தேகமில்லை. கோர்டெக்ஸ் படலத்தைச் செய்யும் கோர் நிறுவனம் பெரும்பாலான ஜாக்கெட்டுகளைத் தானே தைப்பதில்லை. படலத்தைக் கொடுத்து, அதை வைத்துத் தைக்கும் பிராண்டுகளின் வடிவத்தைச் சோதித்து அனுமதிக்கிறது. அந்தக் கட்டுப்பாடுதான் நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒன்றின் விலையில் எங்கள் ஒன்பது பேருக்கும் வேறு வாங்கலாம். தராசு சொன்ன கணக்குப்படி எங்கள் ஏற்றத்தில் அதற்குள்ளும் வியர்க்கத்தான் போகிறது.

கடைசியில் எடுத்தது ஆவி எண்ணே போடாத ஒன்று. கனமான பாலியூரித்தேன் பூச்சு, எல்லாத் தையலிலும் டேப், உள்ளே வலைத்துணி, அக்குளில் கை நீளத்துக்கு ஒரு ஜிப். அந்த அக்குள் ஜிப்தான் முக்கியம். படலம் செய்ய முடியாததை ஒரு திறப்பு செய்துவிடுகிறது. விலை 1,650. ஒன்றை மட்டும் வாங்கி மூன்று வாரம் மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டோம். அதே ஏற்றம், அதே நாற்பது நிமிடம், அக்குளைத் திறந்துவிட்டு நடந்தால் ஜெர்சி 196 கிராம். அதன் பிறகே மற்ற எட்டும் வந்தன. வாங்குவதற்கு முன் நாலு பிராண்டுகளுக்கு, ஜிப் தலை போனால் தனியாகக் கிடைக்குமா என்று எழுதிக் கேட்டிருந்தோம். ஒன்றிடமிருந்துதான் பதில் வந்தது. அவர்களிடமே வாங்கினோம்.

பெயரைக் கேட்டு நிறைய பேர் நச்சரிக்கிறார்கள். பெயர் நிற்கும், துணி மாறும். கோர்டெக்ஸே 2022-லிருந்து சில ஜாக்கெட்டுகளில் பழைய படலத்தை விட்டுவிட்டு, ஃபுளோரின் இல்லாத வேறு படலத்தைப் போடுகிறது. கழுத்து லேபிளில் அதே பெயர்தான். எங்களுக்குச் சரியாக வந்த ஜாக்கெட்டின் அடுத்த வருடத்துச் சரக்கில் அக்குள் ஜிப் இருக்குமா என்று யார் உறுதி சொல்வது?

சமதளப் பாதையில் இப்போது எல்லோரும் குடை பிடிக்கிறோம். ஆலப்புழைக் குடை, நீளக் கம்பி. காற்று வீசும் முகட்டில் மட்டும் ஜாக்கெட். பழைய ஒன்பதில் டேப் உரியாமல் மிஞ்சியது ஒன்று. சூரியநெல்லித் தையல்கார அக்கா அதன் அக்குளைப் பிரித்து, கிழிந்த பையிலிருந்து எடுத்த ஜிப்பை வைத்துத் தைத்துக் கொடுத்தார், தம்பி போடுகிறான். உரிந்துபோனவற்றில் பெரியதை மாமா எடுத்துக்கொண்டு, ராத்திரியில் ஜீப் பானெட்டுக்கு மேல் போர்த்திவிடுகிறார். காலையில் உள்ளே காய்ந்துதான் இருக்கிறதாம்.

“ஜீப்புக்கு வேர்க்காதுல்ல” என்கிறார்.